தொண்டைநாட்டு உணவு மரபும் உலக நகர உணவகப் பண்பாடும்: வாலாஜாபாத் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் உணவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் உணவுப் பொருள்களைத் தொகுப்பதிலும் அவற்றின் மருத்துவப் பயனை விளக்குவதிலும் கருத்தைச் செலுத்தியுள்ளன. ஓர் உணவு யாரால், எவ்விடத்தில், எம்முறையில் வழங்கப்படுகிறது என்னும் வினா அவற்றுள் போதிய இடம் பெறவில்லை. இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, பெரும்பாணாற்றுப்படை காட்டும் விருந்து முறை, சோழர்காலக் கல்வெட்டுகள் காட்டும் உணவறம், காஞ்சிக் கோயில் இட்லி ஆகிய மூன்றையும் பாரிஸ், இலண்டன், சிங்கப்பூர், நியூயார்க் ஆகிய நகரங்களின் உணவகப் பண்பாட்டோடு ஒப்பிடுகிறது. நிலத்தை அடிப்படையாகக் கொண்ட உணவு மரபு, உண்பவரின் தெரிவை அடிப்படையாகக் கொண்ட உணவக மரபாக மாறும்போது பெறுவன யாவை, இழப்பன யாவை என்பதை வரையறுப்பது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: தொண்டைநாடு, பெரும்பாணாற்றுப்படை, கருப்பொருள், திருமுக்கூடல், குடலை இட்லி, உணவகம், புவிசார் குறியீடு.

முன்னுரை

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறார். மரம், புள், பறை, தொழில் முதலியன அதன் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்தை இன்ன நிலமென அடையாளம் காட்டுவதில் அங்கு விளைந்து உண்ணப்படும் பொருளுக்கு உள்ள முதன்மையை இவ்வரிசை உணர்த்துகிறது. உணவைத் தனிமனிதச் சுவையாகக் கருதாமல் நிலத்தின் இயல்பாகக் கருதிய இலக்கணப் பார்வை இது.

இன்றைய உலக நகரங்களின் உணவக மரபு இதற்கு நேர்மாறான அடிப்படையில் இயங்குகிறது. ஒரே தெருவில் பல நாட்டு உணவகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. உண்பவர் அட்டையில் அச்சிட்ட பட்டியலைப் பார்த்துத் தமக்கு வேண்டியதைக் கேட்கிறார். விலையைக் கொடுத்து எழுகிறார். உணவு எந்நிலத்தில் விளைந்தது என்பது அங்கு அறியப்பட வேண்டிய செய்தியன்று. இவ்விரு முறைகளையும் 'பழமை', 'புதுமை' என்றோ, 'நம்முடையது', 'பிறருடையது' என்றோ பிரித்துவிட்டால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். இரண்டும் உணவைச் சமூகத்தில் பங்கிடுவதற்கான இருவேறு ஏற்பாடுகள் என்று கொள்ளும்போதே ஒப்பீடு பயன்தரும்.

ஆய்வுக்களம்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில், பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேயக் கம்பெனியின் படைநிலையமாக இருந்தது. இதன் அண்மையில் உள்ளது தென்னேரி. திரையனேரி என்பதே தென்னேரி என மருவியது என்னும் கருத்து உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையனின் பெயரை இக்கருத்து நினைவூட்டுகிறது. தெற்கே பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலும், அதன் எதிர்க்கரையில் பழையசீவரமும், அப்பால் உத்திரமேரூரும் உள்ளன.

இவ்வட்டாரத்தின் உணவு ஏரியை நம்பியது. பாலாறு ஆண்டு முழுதும் நீரோடும் ஆறன்று. மழைநீரை ஏரியில் தேக்கி நெல் விளைவிப்பதே இங்குள்ள வேளாண்மையின் அடித்தளம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகசோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவை ஏரி வாரியத்துக்கு அறுவரையும் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரையும் தேர்ந்தெடுக்க வகைசெய்கின்றன. நீரும் தோட்டமும் சபையின் பொறுப்பில் இருந்தன என்பது உணவு வரலாற்றுக்கும் உரிய சான்றாகும். சோறு அடுப்பில் ஏறுவதற்கு முன்பே ஒரு பொது ஏற்பாடு தேவைப்பட்டது என்பதை இக்கல்வெட்டுகள் உணர்த்துகின்றன.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் உணவு நெறி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. இளந்திரையனிடம் பரிசில் பெற்ற பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனைக் காஞ்சிக்கு வழிப்படுத்துவதாக அமைந்தது. வழியில் எந்தெந்த நிலத்தாரிடம் என்னென்ன உணவு கிடைக்கும் என்று அது சொல்லிச்செல்கிறது. தமிழில் ஒரு வட்டாரத்தின் உணவை நிலவாரியாக அடுக்கிக் காட்டும் நூல்களுள் இது தலையாயது.

எயினர் குடியிருப்பில் கிடைப்பது புல்லரிசிச் சோறு. எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கடப்பாரையால் கிளறிப் புல்லரிசியைத் திரட்டுகின்றனர். நிலத்தில் குழித்த உரலில் இட்டுக் குற்றுகின்றனர். உவர்நீர்க் கிணற்று நீரை வாய் உடைந்த பானையில் உலைவைத்துச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் இடுகின்றனர். மேட்டுநிலத்தாரிடம் ஈந்தின் விதையை ஒத்த செந்நெற்சோறும் உடும்பின் இறைச்சியும் கிடைக்கின்றன. ஆயரிடம் தினைச்சோறும் பாலும், முல்லைநிலத்துச் சீறூர்களில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும், மருதநில உழவரிடம் வெண்ணெற்சோறும் வீட்டில் வளர்த்த கோழியும், ஆலைகளில் கரும்பின் சாறும், வலைஞரிடம் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. அந்தணர் இல்லத்தில் உயர்ந்த நெல்லின் சோற்றோடு, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் மாதுளங்காயை மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் இட்டு வேகவைத்த கறியும் மாவடு ஊறுகாயும் பரிமாறப்படுகின்றன. தோப்புக்குடிகளிடம் பலா, இளநீர், வாழைப்பழம், நுங்கு ஆகியன கிடைக்கின்றன.

இவ்வரிசையிலிருந்து மூன்று செய்திகள் புலப்படுகின்றன.

முதலாவது, உணவைத் தீர்மானிப்பவர் விருந்தினர் அல்லர். பாணன் எந்த வீட்டிலும் இன்னது வேண்டும் என்று கேட்பதில்லை. அந்த நிலம் எதைத் தந்ததோ அதைப் பெறுகிறான். ஒரு வழிப்பயணத்தில் அவன் பல்வகை உணவையும் உண்கிறான். ஆனால் அப்பல்வகை ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை. அதைப் பெற அவன் நடக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வறிய நிலத்தின் உணவும் வளநிலத்தின் உணவும் ஒரே விருந்துக் கடமையின் கீழ் வருகின்றன. எயினரின் புல்லரிசிச் சோற்றைப் புலவர் இகழ்ச்சிக் குறிப்போடு பாடவில்லை. அதைத் திரட்டும் உழைப்பை அடியடியாக விரித்துரைக்கிறார். உரலும் கிணறும் பானையும் சொல்லப்படுவதால், அந்த உணவின் மதிப்பு அதன் அருமையில் இருக்கிறது என்பது தானே விளங்குகிறது.

மூன்றாவது, இம்மரபில் வணிகம் இல்லாமல் இல்லை. ஆய்மகள் மோரை விற்றுத் தானியம் பெறுகிறாள். நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் பசுவையும் கொள்கிறாள். ஆயினும் வழிப்போக்கனுக்கு இடும் சோற்றுக்கு விலை பேசப்படுவதில்லை. விற்கப்படும் உணவும் வழங்கப்படும் உணவும் ஒரே வீட்டில் தனித்தனி நெறிகளோடு இருந்தன. ஆதலால் பழந்தமிழர் உணவை விற்றதே இல்லை என்னும் பொதுக்கூற்று இப்பாட்டுக்குப் பொருந்தாது.

பயணத்தின் முடிவில் இளந்திரையன் அளிக்கும் விருந்தில் இறைச்சியும் தேர்ந்த செந்நெல்லரிசிச் சோறும் ஒளிமிக்க கலங்களில் படைக்கப்படுகின்றன. அரசன் பாணர் சுற்றத்தைத் தன் மக்களைப் பார்ப்பது போல முகமலர்ந்து பார்த்து உண்பிக்கிறான் என்கிறது பாட்டு. ஊட்டுபவர் உண்பவரின் முகத்தைப் பார்த்திருத்தல் விருந்தின் இன்றியமையாத கூறாகக் கொள்ளப்பட்டது.

திருமுக்கூடல்: உணவறத்தின் நிறுவன வடிவம்

வீட்டுவிருந்தாக இருந்த இந்நெறி சோழர் காலத்தில் நிறுவன வடிவம் பெற்றதைத் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு காட்டுகிறது. வீரராசேந்திர சோழனின் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 1068இல் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து வேதம் பயிலும் பள்ளி, மாணவர் உண்டு உறையும் விடுதி, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலை ஆகியன இயங்கியதை விரிவாகக் குறிப்பிடுகிறது. ஆதுலர்சாலை 15 படுக்கைகளைக் கொண்டது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கும், நோயாளருக்குரிய அரிசிக்கும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளுக்கும் தனித்தனியே நிவந்தம் வகுக்கப்பட்டது.

இங்கு உணவு பெறுபவர் பாணனைப் போன்ற வழிப்போக்கர் அல்லர். மாணவரும் நோயாளரும் ஆவர். வழங்குபவரும் தனிவீட்டார் அல்லர். நிலவருவாயைக் கொண்ட கோயில். வழங்கும் அளவு ஊட்டுபவரின் மனத்தைப் பொறுத்ததாக இல்லாமல் கல்லில் எழுதப்பட்ட விதியாகிறது. விருந்து அறமாகி, அறம் கணக்காகும் இம்மாற்றம் உணவு வரலாற்றில் முக்கியமானது.

இவ்விடத்தில் பாரிஸ் நகரை ஒப்புநோக்கலாம். இன்று உலகெங்கும் உணவகத்தைக் குறிக்கும் 'ரெஸ்டாரண்ட்' என்னும் பிரெஞ்சுச் சொல், முதலில் உணவுச்சாலையைக் குறிக்கவில்லை. உடல் நலிந்தவர்க்கு வலுவூட்டும் இறைச்சிச் சாற்றைக் குறித்தது. 1760களில் பாரிஸில் அத்தகைய சாற்றை விற்ற கடைகள், நாளடைவில் அப்பெயரைத் தாமே பெற்றன. அதற்கு முன்பிருந்த சத்திரங்களில் குறித்த நேரத்தில், பொதுமேசையில், சமைத்ததை உண்ண வேண்டியிருந்தது. புதிய கடைகளோ தனிமேசை, வேண்டிய நேரம், பட்டியலிலிருந்து தெரிவு, ஒவ்வொன்றுக்கும் தனிவிலை ஆகிய நான்கையும் அளித்தன. இந்நான்குமே இன்றுவரை உணவகத்தின் இலக்கணமாக நீடிக்கின்றன.

நலிந்தோருக்கான உணவு என்னும் ஒரே தேவை இரு இடங்களில் இருவேறு வழிகளில் நிறைவேற்றப்பட்டதைக் காணமுடிகிறது. திருமுக்கூடலில் அது நிவந்தமாகவும், பாரிஸில் அது விற்பனையாகவும் வடிவெடுத்தது. முன்னதில் அளவு விதிக்கப்பட்டது. பின்னதில் தெரிவு வழங்கப்பட்டது.

காஞ்சிக் கோயில் இட்லி

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் இட்லி இவ்வட்டாரத்தின் பெயரை உலகறியச் செய்த உணவாகும். அரிசியையும் உளுந்தையும் சற்றுக் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் ஆகியன சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற்குடலையில் ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பர். குடலையில் வேகும் காரணத்தால் இது குடலை இட்லி எனவும் பெயர் பெறும். வெந்தபின் நீள்உருளையாக வரும் இட்லியைத் துண்டுகளாக்கி வழங்குவர்.

இட்லியின் தொன்மை குறித்து மிகைப்படக் கூறுதல் பொருந்தாது. கி.பி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கன்னட நூலாகிய வட்டாராதனெயில் 'இட்டலிகெ' என்னும் பெயர் காணப்படினும், அரிசியும் உளுந்தும் சேர்ந்து புளித்து வேகும் இன்றைய இட்லியும் அதுவும் ஒன்றெனக் கொள்ள இயலாது என்பதை உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சையா சுட்டிக்காட்டியுள்ளார். எனவே குடலை இட்லியின் காலத்தை அதன் பெயரைக் கொண்டு அன்றி, அதன் சேர்மானத்தைக் கொண்டு அணுகுவதே தக்கது.

அச்சேர்மானத்தில் மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய மிளகாய், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவில் பரவியது. அதற்கு முன் தமிழரின் காரம் மிளகாகவே இருந்தது. பெரும்பாணாற்றுப்படை கூறும் மாதுளங்காய்க் கறியிலும் மிளகும் கறிவேப்பிலையுமே இடம்பெறுகின்றன. பழைய கோயில்கள் பலவற்றின் மடைப்பள்ளிகளில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு போன்ற பின்வரவுகள் இன்றும் விலக்கப்படுகின்றன. ஆதலால் குடலை இட்லி எந்த நூற்றாண்டில் தோன்றியிருப்பினும், மிளகாய்க்கு முற்பட்ட சுவையடுக்கு ஒன்றைத் தன்னுள் பேணிவருகிறது எனலாம். விலக்கு விதிகள் சமயக் காரணத்தால் வகுக்கப்பட்டவை. எனினும் அவை உணவு வரலாற்றின் ஆவணக் காப்பகமாகவும் பயன்பட்டுள்ளன.

இவ்வுணவு தனக்குரிய இடத்தோடும் காலத்தோடும் பிணைந்தது. ஆண்டுதோறும் மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை உற்சவத்திற்கு எழுந்தருளுகிறார். அறுவடையை ஒட்டிய நாளில், ஏரிப்பாசன ஊர்களின் ஊடே தெய்வம் செல்லும் இந்நிகழ்ச்சியில், தொல்காப்பிய வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் தெய்வமும் உணவும் ஒரே வழியில் சேர்கின்றன.

குடலை இட்லி கோயிலுக்கு வெளியே வந்தபோது மாறுதல்களும் தோன்றின. உணவகங்களில் மூங்கிற்குடலையின் இடத்தைச் சிறு கிண்ணங்களும் குவளைகளும் பெற்றன. வேகும் நேரம் குறைந்தது. சட்டினியும் சாம்பாரும் துணையாயின. நகரங்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்னும் பெயரில் மிளகும் சீரகமும் தாளித்துச் சேர்த்த எந்த இட்லியும் விற்கப்படுவதுண்டு. பெயரில் ஊர் இருக்கிறது. இலையும் குடலையும் நேரமும் இல்லை.

உலக நகரங்களில் தமிழ் உணவு

தமிழ் உணவு உலக நகரங்களை அடைந்த வழிகள் மூன்று. முதலாவது பேரரசின் வழி. சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர், தமிழரின் மிளகுத்தண்ணீரைத் தங்கள் 'சூப்' முறைக்கு ஏற்ப மாற்றி 'மல்லிகட்டானி' என்னும் பெயரில் இலண்டனுக்குக் கொண்டுசென்றனர். சோற்றோடு பிசைந்துண்ணும் சாறு, கரண்டியால் பருகும் முதல் உணவாயிற்று. 1810இல் தீன் முகமது இலண்டனில் இந்துஸ்தானி காபி ஹவுஸ் என்னும் உணவகத்தைத் தொடங்கினார். 1926இல் ரீஜண்ட் தெருவில் தொடங்கப்பட்ட வீராசாமி உணவகம் இன்றளவும் அறியப்படுகிறது. இக்காலகட்டத்தில் உணவின் அடையாளம் 'இந்திய உணவு' என்பதே; வட்டாரப் பெயருக்கு இடமில்லை.

இரண்டாவது குடியேற்றத்தின் வழி. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கப்பட்ட கோமள விலாஸ், தமிழரே தமிழருக்குச் சமைத்த உணவகமாகும். மலேசியாவில் வாழையிலைச் சாப்பாடும், பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த நாசி கண்டாரும் அந்நாடுகளின் பொது உணவுகளாயின. சிங்கப்பூரில் தெருவோர வணிகரைக் கூடங்களில் குடியமர்த்தி உருவாக்கிய 'ஹாக்கர்' உணவுப் பண்பாடு, 2020இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சீன, மலாய், தமிழ் உணவுகள் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து விற்கப்படும் அக்கூடங்களில், பாணன் பல நாள் நடந்து கண்ட பல்வகையை ஒரே வேளையில் காணமுடிகிறது. ஆயின் அங்கு நிலம் இல்லை. நிலத்தின் நினைவு மட்டுமே உண்டு.

மூன்றாவது வணிகக் கிளைகளின் வழி. 1981இல் சென்னையில் தொடங்கிய சரவண பவன், பின்னர் இலண்டன், பாரிஸ், நியூயார்க் முதலிய நகரங்களில் கிளைகளைக் கொண்டது. இட்லி, தோசை, வடை, சாம்பார் என்னும் ஒரு சிறு தொகுதி 'தென்னிந்திய உணவு' என்னும் பெயரோடு உலகெங்கும் நிலைபெற்றது. அத்தொகுதியின் ஒருமைப்பாடே அதன் வெற்றிக்குக் காரணம். அதே ஒருமைப்பாடு, தொண்டைநாட்டு உணவு, கொங்குநாட்டு உணவு, நாஞ்சில்நாட்டு உணவு என்னும் வேறுபாடுகளையும், ஊனுணவு மரபுகளையும் பார்வையிலிருந்து மறைத்தது. பெரும்பாணாற்றுப்படையின் பட்டியலில் உலக நகரத்தார் 'தென்னிந்திய உணவு' என ஏற்றுக்கொள்ளக்கூடியவை ஒன்றிரண்டே இருக்கும்.

இந்நிலையில் அண்மைக்காலத்தில் ஒரு திருப்பம் ஏற்பட்டுள்ளது. நியூயார்க் நகரில் 2021இல் தொடங்கப்பட்ட செம்மை வாய்ந்த தமிழ் உணவகமாகிய 'செம்ம', 2022இல் மிஷலின் விண்மீன் தகுதியைப் பெற்றது. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த விஜய் குமார் அதன் தலைமைச் சமையற்கலைஞர். வயல்நத்தையைக் கொண்டு ஆக்கும் நத்தைப் பிரட்டல் அங்குப் புகழ்பெற்ற உணவாகும். நெல்வயலில் நத்தை பொறுக்கி உண்ட தம் இளமை நினைவை அவர் நேர்காணல்களில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். உழவர்குடிகள் வெளியில் சொல்லக் கூசிய உணவு, பெருநகரத்தின் உயர்விலை மேசையில் பெயர் மாறாமல் ஏறியது சிறிய நிகழ்ச்சியன்று. எயிற்றியரின் புல்லரிசிக்கு உருத்திரங்கண்ணனார் அளித்த மதிப்பை இது நினைவூட்டுகிறது.

எனினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எயினர் குடிலில் அவ்வுணவைப் பெற்றவன் வறிய பாணன். நியூயார்க்கில் அதைப் பெறுபவர் விலை கொடுக்க வல்லவர். நத்தையின் பெயர் உயர்ந்தது. அதைப் பொறுக்கியவரின் வாழ்வும் அதனோடு உயர்ந்ததா என்பது தனியே கேட்கப்பட வேண்டிய வினா.

விருந்தும் விலையும்: ஒரு மறுபரிசீலனை

இதுவரை கூறியவற்றால் விருந்து மரபு உயர்ந்தது, உணவக மரபு தாழ்ந்தது என்னும் முடிவுக்கு விரைதல் கூடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டே இதற்குத் தடைவிதிக்கிறது. விலக்கப்பட்ட உணவை உண்டவர், பிராயச்சித்தம் செய்து தூய்மை பெற்றாராயினும், வாரியத்துக்குப் பெயரெழுதப்பெறும் தகுதியை வாழ்நாள் முழுதும் இழப்பர் என்கிறது அது. ஏரியையும் தோட்டத்தையும் காக்கும் பொறுப்பு உண்ணும் உணவைக் கொண்டு மறுக்கப்பட்டது. ஏரிநீரால் விளைந்ததை உண்ணும் உரிமைக்கும், அவ்வேரியை ஆளும் உரிமைக்கும் இடையே உணவே வேலியாக நின்றது. திருமுக்கூடல் விடுதியில் உண்ண இடம்பெற்றோர் யாவர் என்று நோக்கினும் எல்லை குறுகியதே.

இருபதாம் நூற்றாண்டில் இச்சிக்கல் உணவகத்துக்குள்ளும் நுழைந்தது. சென்னை மாகாணத்து உணவகங்கள் சிலவற்றில் சாதிவாரியாக உண்ணுமிடம் பிரிக்கப்பட்டிருந்தது. 1957இல் பெரியார், உணவகப் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்னும் சொல் இடம்பெறுவதை எதிர்த்துச் சென்னையில் கிளர்ச்சி நடத்தினார். உணவகத்தின் அடிப்படை இலக்கணமாகிய 'விலை கொடுப்பவர் எவரும் அமரலாம்' என்பது தமிழகத்தில் தானே வந்ததன்று, போராடிப் பெறப்பட்டது.

இக்கோணத்தில் நோக்கும்போது, உலக நகர உணவகத்தின் குறையாகச் சொல்லப்படும் முகமறியாத் தன்மையே அதன் விடுதலைக் கூறாகவும் அமைகிறது. பரிமாறுபவர் உண்பவரின் குலத்தைக் கேட்பதில்லை. விருந்து மரபில் முகம் பார்த்தல் அன்பாகவும் இருந்தது. ஆளறிந்து விலக்கும் கருவியாகவும் இருந்தது. இவ்விரட்டைத் தன்மையை ஏற்காத ஒப்பீடு முழுமையுறாது.

நிலத்தின் பெயரும் நிலமும்

ஐரோப்பிய நகரங்கள் உணவகத்தின் நிலமற்ற தன்மையை உணர்ந்து ஒரு மாற்றைத் தேடின. மண், நீர், காலநிலை, அவ்வூரார் கைமுறை ஆகியன சேர்ந்து ஓர் உணவுக்குத் தரும் தனித்தன்மையைப் பிரெஞ்சுக்காரர் 'தெர்வார்' என்பர். அதைச் சட்டத்தால் காக்கவும் செய்தனர். ராக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி 1925இல் அப்பாதுகாப்பைப் பெற்றது. கருப்பொருள் கோட்பாட்டுக்கும் தெர்வார் கருத்துக்கும் ஒப்புமை வெளிப்படை. வேறுபாடு யாதெனில், பிரெஞ்சு மரபு தனி விளைபொருளை நிலத்தோடு இணைக்கிறது. தமிழ் மரபு தெய்வம், தொழில், பறை, உணவு அனைத்தையும் ஒரு தொகுதியாக நிலத்தோடு இணைக்கிறது.

இந்தியாவில் 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் இவ்வகைப் பாதுகாப்புக்கு வழிவகுத்தது. பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் இக்குறியீட்டைப் பெற்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டம் பெயரைக் காக்கும். நீரையும் வயலையும் அதனால் காக்க இயலாது.

வாலாஜாபாத் வட்டாரத்தில் இச்சிக்கல் இன்று கண்கூடு. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகள் விரிந்தமையால், கொரிய நாட்டார்க்கென அமைந்த உணவகங்கள் இம்மருங்கிலேயே தோன்றியுள்ளன. உலக நகரத்தின் உணவகம் ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. வேலைவாய்ப்பும் புதுச்சுவையும் அதனோடு வந்தன. மறுபுறம் நெல்வயல்கள் மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவருகின்றன. 2022இல் பரந்தூரில் விமானநிலையம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வயலும் ஏரியும் இழக்க நேரும் என்று அவ்வூர்களின் உழவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வளர்ச்சித் திட்டத்தின் தேவையை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயின் உணவு மரபைப் பாதுகாத்தல் என்னும் பேச்சு, செய்முறையைப் பதிவுசெய்வதோடு முடிவதன்று என்பதை இவ்வட்டாரம் தெளிவாகக் காட்டுகிறது. மிளகு, சீரகத்தின் அளவை எழுதிவைக்கலாம். நெல் விளையும் ஏரியும், மந்தாரை நிற்கும் தோப்பும், மூங்கிற்குடலை முடையும் கையும் எழுத்தில் அடங்குவன அல்ல.

முடிவுரை

இவ்வாய்வின் வழி அறியப்படுவன பின்வருமாறு. தொண்டைநாட்டு உணவு மரபில் நிலமே உணவைத் தீர்மானித்தது. உலக நகர உணவகத்தில் உண்பவரின் தெரிவு தீர்மானிக்கிறது. முன்னது பல்வகையை நிலப்பரப்பில் விரித்துவைத்தது. பின்னது அதை ஒரு பட்டியலில் சுருக்கிவைக்கிறது. திருமுக்கூடலும் பாரிஸும் நலிந்தோர் உணவு என்னும் ஒரே தேவையிலிருந்து நிவந்தம், விற்பனை என்னும் இருவேறு வடிவங்களை உருவாக்கின. உலக நகரங்களில் நிலைபெற்ற 'தென்னிந்திய உணவு' என்னும் பொதுப்பெயர் வட்டார வேறுபாடுகளை மறைத்தது. அண்மைக்கால உணவகங்கள் சில அவற்றை மீட்டெடுக்கின்றன. விருந்து மரபின் அணுக்கமும் உணவக மரபின் சமத்துவமும் ஒன்றுக்கொன்று ஈடாகா; ஒன்றின் குறையை மற்றதன் நிறைவைக்கொண்டே அறியமுடியும்.

உத்திரமேரூர்ச் சபை உணவைக் காக்க எண்ணியபோது ஏரிக்கு ஒரு வாரியத்தை அமைத்தது. அவ்வாரியத்தில் யார் அமரலாம் என்பதில் தவறான வேலியையும் இட்டது. வேலியை நீக்கி வாரியத்தைப் பேணுதலே இன்றைய தேவை. வட்டார உணவு குறித்த தமிழாய்வுகள் சமையற்குறிப்புகளோடு நீர்நிலை, விதை, இலை, கலம், தொழிலாளர் ஆகியவற்றையும் ஒருங்கே பதிவுசெய்யும்போதுதான் கருப்பொருள் என்னும் இலக்கணக் கோட்பாடு நிகழ்காலப் பயன்பாடு உடையதாகும்.